நாமினி

எனக்கு நாற்பத்து நான்கு வயது. பள்ளிச் சான்றிதழ் சொல்லும் வயது அது. எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்கும் ஜூன் மாதம்தான் பிறந்தநாள். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். வாத்தியார் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அந்தத் தேதியை வைத்துத்தான் வேலைக்குப் போனேன், கல்யாணம் பண்ணினேன். போன தை மாதம் பெரம்பலூரில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பம் எழுதியதும் அதை வைத்துத்தான்.

முகவர் நம்ம பையன். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தான்.

“அப்பா இருக்காராண்ணே?”

“இல்ல.”

“எத்தன வயசுல இறந்தாரு?”

எனக்குத் தெரியவில்லை. நாற்பது இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஆயா சொன்னது ஞாபகம் வந்தது: “மருதாத்துல ரயிலு கவுந்த வருசம், அடமழையில பொறந்தான் உங்கொப்பன்.” அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது 1956 நவம்பர் 23 அன்று. ஏறத்தாழ நூற்றைம்பது பேர் செத்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்காகப் பதவி விலகினார். நாட்டுக்கு அது சாஸ்திரியின் கதை. எங்கள் ஆயாவுக்கு அது மகனின் பிறப்புச் சான்றிதழ். அப்பா செத்தது 1989இல். ஆக முப்பத்து மூன்று வயது. அப்பாவின் வயதை நான் முதல்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தது இந்த விண்ணப்பத்துக்காகத்தான்.

“என்ன காரணம்ணே?”

“கிணறு.”

பையன் ‘விபத்து’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனான். நாமினி. “அண்ணி பேருதான?” என்று பேனாவை வைத்தான். “இரு, எழுதாத” என்றேன். அவன் எழுதாமல் போனான். பத்து நாள் அந்த இடம் காலியாகவே இருந்தது. அந்தப் பத்து நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாலிசி எடுப்பதும் எடுக்காததும் ஒருவரின் சொந்த விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

அப்பாவின் சாவை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் பாறை நிலம். வேட்டு வைத்துத்தான் கிணறு இறக்க முடியும். வேட்டு வெடித்த பிறகு கல் அள்ள இறங்கியவர் மேல் விளிம்புக் கல் சரிந்தது. நிலக்காரர் அன்று சாயங்காலமே ஐநூறு ரூபாயும் ஒரு மூட்டைச் சோளமும் கொடுத்தனுப்பினார். தெருவே அவரை வாழ்த்தியது. அம்மாவும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். கருமாதி முடிந்த மறுநாள் ஆள் வந்தது. “கணக்குல ஐநூறு நிக்குது.” சோளத்துக்கும் தனியாக விலை போட்டிருந்தார்கள்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அப்படிப்பட்ட கடன் செல்லாது என்று அதில் எழுதியிருக்கிறது. எங்கள் தெருவுக்கு அதை யாரும் வந்து படித்துக்காட்டவில்லை. அம்மாவுக்குப் பாதிக் கூலி, பதினைந்து வயது அக்காவுக்குக் கால் கூலி என்று மூன்று வருசம் அந்த நிலத்தில் பருத்தி எடுத்தார்கள், களை வெட்டினார்கள். அப்பாவின் உயிருக்கு வந்த பணத்தை நாங்களே திருப்பிக் கட்டினோம். அப்பாவின் சாவுக்கு அக்காதான் நாமினி. கையில் வந்தது பணம் இல்லை, கடன்.

காப்பீடு என்றால் என்ன என்று கேட்டால் நம்மவர்கள் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலே போதும். ஒருவர் சாகிறார், அவரை நம்பியிருந்தவர்களுக்குப் பணம் வருகிறது, இது காப்பீடு. ஒருவர் சாகிறார், அவரை நம்பியிருந்தவர்கள் மேல் கடன் இறங்குகிறது; இது பண்ணையடிமை முறை. இரண்டிலும் சாவுக்கு ஒரு விலை உண்டு, வாரிசும் உண்டு. விலையை எழுதுவது யார், வாரிசைச் சொல்வது யார் என்பதில்தான் வித்தியாசம்.

ஊரார் சாவுக்கெல்லாம் நாம் வேலை செய்தோம். சேதி சொல்லப் போனோம், பறையடித்தோம், குழி வெட்டினோம், வாய்க்கரிசிச் சில்லறைக்குக் கை நீட்டினோம். நம் சாவுக்கு என்ன கிடைத்தது? அன்றைக்கு ஆண்டை கொடுத்தது. இன்றைக்கு அரசாங்கம் கொடுப்பதற்கு நிவாரணம் என்று பெயர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் 2016இல் செய்த திருத்தப்படி, கொலைக்கு எட்டே கால் லட்சம். பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. மலக்குழியில் இறங்கிச் சாகிறவருக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் முப்பது லட்சம் என்றது. இவையெல்லாம் போராடி வாங்கியவை, நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் தொகையை எழுதுவது அவர்கள் கை. நம் ஆள் எப்படிச் செத்தார் என்பதைப் பொறுத்துத்தான் தொகை. வெட்டிக் கொன்றால் ஒன்று, விஷவாயு தாக்கினால் ஒன்று, காய்ச்சலில் போனால் ஒன்றுமில்லை.

அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவை எல்லாருக்கும் தெரியும். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், பன்னிரண்டாம் வகுப்பில் 1176 மதிப்பெண். நீட் தேர்வால் மருத்துவப் படிப்பு கைவிட்டுப் போய் 2017 செப்டம்பர் 1 அன்று இறந்துபோனாள். அரசு ஏழு லட்சம் அறிவித்தது. அந்தக் குடும்பம் வாங்க மறுத்தது. அப்போது பலர் கேட்டார்கள், ஏழைக் குடும்பம்தானே, வாங்கிக்கொண்டால் என்ன என்று. எனக்கு அந்த மறுப்பு அப்போது வீரமாகத்தான் பட்டது. இப்போது வேறு விதமாகவும் புரிகிறது. எங்கள் சாவுக்கு நீங்கள் விலை எழுதாதீர்கள் என்று அந்த வீடு சொல்லியிருக்கிறது.

விலையை நாமே எழுதினால் சரியாகிவிடுமா? காப்பீட்டின் சரித்திரம் அவ்வளவு சுத்தமானது இல்லை. 1781இல் சாங் என்ற கப்பல் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் போனது. தண்ணீர் போதவில்லை என்று சொல்லி 130க்கும் மேற்பட்டவர்களைக் கடலில் தூக்கி எறிந்தார்கள். முதலாளிகள் சரக்கு நஷ்டம் என்று இன்ஷூரன்ஸ் பணம் கேட்டார்கள். 1783இல் லண்டன் நீதிமன்றத்தில் நடந்தது கொலை வழக்கு இல்லை, இன்ஷூரன்ஸ் வழக்கு. செத்தவர்கள் கறுப்பர்கள், பணத்துக்கு உரியவர்கள் அவர்களை வாங்கியவர்கள். அதற்கு நூறு வருசம் கழித்து, அடிமை முறை ஒழிந்த அமெரிக்காவில், புருடென்ஷியல் நிறுவனம் 1881இல் ஒரு முடிவெடுத்தது. வெள்ளையர் கட்டும் அதே பிரீமியத்தைக் கறுப்பர் கட்டினாலும் செத்தால் மூன்றில் இரண்டு பங்குதான். கறுப்பர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏன் சீக்கிரம் சாகிறார்கள் என்பது விண்ணப்பத்தில் இல்லாத கேள்வி.

இது எங்கோ எப்போதோ நடந்தது என்று விட்டுவிட முடியாது. என் மனைவி பேரில் மகளிர் குழுக் கடன் இருக்கிறது. கடன் கொடுக்கும்போதே காப்பீட்டுக்கென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் செத்தால் வருகிற பணத்தில் கடன் பாக்கி முதலில் நிறுவனத்துக்குப் போகும், மிச்சம் இருந்தால் எங்களுக்கு. நம் உயிரை வைத்துக் கடன்காரன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற ஏற்பாடு இது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். 1989இல் அந்த ஐநூறு ரூபாயோடு இப்படி ஒரு காப்பீடு ஒட்டியிருந்தால் அக்காவின் வாழ்க்கையில் மூன்று வருசம் மிஞ்சியிருக்கும். கோபப்படவும் நியாயம் இருக்கிறது, இதை மறுக்கவும் முடியவில்லை.

தோழர் ஒருவரிடம் இதைப் பேசினேன். அவர் சிரித்தார். “நாம கேக்கறது நிலம். நீங்க பாலிசியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அது நடுத்தர வர்க்க பயம், தோழர்.” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்பேத்கரின் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலை எடுத்தேன். அரசியல் நிர்ணய சபைக்காக, தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பின் சார்பில் 1947இல் அவர் எழுதிய அறிக்கை அது. நிலத்தையெல்லாம் அரசே எடுத்து, சாதி பார்க்காமல் கூட்டாகப் பயிரிடக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார். அதே பகுதியிலேயே காப்பீடு அரசின் தனியுரிமையாக இருக்க வேண்டும் என்கிறார். வயது வந்த ஒவ்வொருவரும் தன் கூலிக்குத் தக்கபடி ஆயுள் காப்பீடு எடுக்கும்படி அரசு கட்டாயப்படுத்த வேண்டும் என்றும் கேட்கிறார். தனி மனிதனுக்கு அரசின் சொத்தே பிணையாக நிற்கும், அரசுக்குத் திட்டங்களுக்கான பணம் கிடைக்கும் என்று காரணமும் சொல்கிறார்.

நிலமும் பாலிசியும் அவருக்கு எதிரெதிர் கட்சி இல்லை. அடுத்தடுத்து வைத்த இரண்டு கோரிக்கைகள். ‘கட்டாயம்’ என்ற சொல்லில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. விருப்பம் உள்ளவர் எடுக்கலாம் என்றால் கையில் மிச்சம் உள்ளவர்தான் எடுப்பார். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கிறவருக்கு நாளைய சாவு பற்றி விருப்பம் எங்கிருந்து வரும்?

1956இல் இதில் பாதி நடந்தது. 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் அரசு எடுத்துக்கொண்டு, செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகத்தைத் தொடங்கியது. தனியுரிமை வந்தது, கட்டாயம் வரவில்லை. அதே ஆண்டு ஜூனில் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்தது. இந்துச் சட்டத் தொகுப்பை நிறைவேற்ற விடவில்லை என்று 1951இல் மந்திரி பதவியை விட்டு வெளியேறியவர் அம்பேத்கர். அது துண்டு துண்டாகத்தான் வந்தது. டிசம்பர் 6 அன்று அவர் இறந்தார். அப்பாவுக்கு அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. 1956இல் வந்த தனியுரிமையும் நிலைக்கவில்லை. 1999இல் சட்டம் போட்டுத் தனியாரை உள்ளே விட்டார்கள். 2022 மே மாதம் கழகத்தின் பங்குகளிலேயே 3.5 விழுக்காட்டைச் சந்தையில் விற்றார்கள்.

அரசு கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக நான் எடுக்காமல் இருப்பதில் புண்ணியம் ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறேன். எனக்கு ஒன்று ஆனால் என் மகள் யாருடைய களத்து மேட்டிலும் நிற்கக்கூடாது. எடுப்பது என்று அதில் முடிவாயிற்று. மிச்சம் இருந்தது நாமினி.

என்னைப் படிக்க வைத்தது அக்கா. நிலக்காரர் கணக்கு தீர்ந்ததும் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனாள். ஆசிரியர் பயிற்சிக்கு நான் சேர்ந்தபோது கம்மலை விற்றாள். கட்டிக்கொடுத்த வீட்டில் மூன்று வருசம் இருந்தாள், பிள்ளை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போனாள், மக்காச்சோளம் ஒடிக்கப் போனாள். இன்றைக்கும் காலனியில் அந்த ஒற்றை அறை வீட்டில்தான் இருக்கிறாள். என் உயிருக்கு விலை உண்டு என்றால் அதில் முதல் போட்டவள் அவள். அப்படியென்றால் அந்த இடத்தில் யார் பேரை எழுதுவது?

முகவர்ப் பையன் சொன்னான், “போடலாம்ணே. ஆனா பொண்டாட்டி புள்ள இருக்கறப்ப ஏன் அக்கான்னு ஆபீசுல கேப்பாங்க.” சட்டத்தைத் தேடிப் படித்தேன். நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி இல்லை என்றது. நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, சொந்தம் வாரிசுகளுக்கு. அந்த வழக்கில் நாமினியாக இருந்தவர் மனைவி, பங்கு கேட்டுப் போனவர் பெற்ற தாய். 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று இப்போது எழுதியிருக்கிறது. அதன் பிறகும் வாரிசுகள் நீதிமன்றம் போவது நிற்கவில்லை, எல்லா உயர் நீதிமன்றங்களும் அதை ஒரே மாதிரி படிக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் அக்கா இல்லை. வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பில் மகன், மகள், மனைவி, தாய் இருக்கிறார்கள். அக்கா தங்கை இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அவள் பேரை நாமினியாக எழுதினாலும், உயிலும் எழுதி வைக்காவிட்டால், பணத்தை வாங்கி என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவள்தான்.

சட்டம் தெரிந்த குடும்பம் வேறு. அப்பன் சம்பாதித்துப் பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போகிற குடும்பம் அது. நம் தெருக்களில் ஒருத்தரைப் படிக்க வைக்க ஒரு வீடே படிப்பை விட்டிருக்கிறது. பெரும்பாலும் விட்டது அக்காமார்கள். வேலை கிடைத்ததும் நாம் டவுனுக்கு வந்துவிடுகிறோம். சட்டம் நமக்கு ஒரு புதுக் குடும்பத்தைக் கொடுத்துவிடுகிறது, அதில் அவர்கள் இல்லை. சட்டத்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தப் புதுக் குடும்பம் நமக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “அக்காவுக்குக் குடுங்க, வேணாங்கல. ஆனா நீங்க இல்லாத அன்னிக்கு இந்தப் புள்ள படிப்புக்கு நான் யார்கிட்ட போய் நிப்பேன்? அதையும் சொல்லிட்டு எழுதுங்க” என்றாள். அதுவும் நியாயம்தான். பட்ட கடன் ஒரு பக்கம், என்னை நம்பி இருக்கிறவர்கள் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே பணத்தால் அடைக்கப் பார்த்தேன். அதுதான் தப்பு என்று அக்கா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நெகிழ்ந்துபோவாள் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது, மறைப்பானேன். அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்.

“நீ செத்தா எனக்குத் துட்டா?”

“ஆமாக்கா.”

“உன்னவிட ஏழெட்டு வயசு மூத்தவடா நானு. நீ சாவறதுக்கு நான் காத்துக் கெடக்கணுமா? குடுக்கறதுன்னா இருக்கசொல்ல குடு. ஓடு ரெண்டு மாத்தணும், மழைக்கு ஒழுவுது.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் சொன்னது கணக்காகவும் சரி, அறமாகவும் சரி. என்னை நம்பிப் பின்னால் வரப்போகிறவர்களுக்குத்தான் காப்பீடு. எனக்கு முன்னால் நின்று என்னைத் தூக்கி விட்டவர்களின் கடனை அதில் அடைக்க முடியாது. அதை உயிரோடு இருக்கும்போதே அடைக்க வேண்டும், மாதா மாதம், கையிலிருந்து. செத்த பிறகு கொடுப்பதாக எழுதி வைப்பது எனக்குச் செலவில்லாத நன்றி.

மறுநாள் அவளையும் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வருசத்துக்கு 436 ரூபாய் கட்டினால் எப்படிச் செத்தாலும் இரண்டு லட்சம் வருகிற அரசுத் திட்டத்தில் சேர ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். ஆதாரில் அவளுக்கு ஐம்பத்திரண்டு. விபத்துக்கான இருபது ரூபாய்த் திட்டத்தில் மட்டும் எழுபது வயது வரை சேரலாம். அதில் சேர்த்தார்கள். எழுத்தர் கேட்டார், “நாமினி பேரு சொல்லும்மா.”

“அது யாருங்க?”

“உங்களுக்கு ஏதாச்சும் ஆனா பணம் யாருக்குப் போகணும்?”

“எங் காசு எனக்கில்லாம யாருக்கு? எம் பேரையே எழுதுங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுத்தரும் சிரித்துவிட்டு விளக்கினார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். நான் என் மகள் பேரைச் சொல்லுவாள் என்று நின்றேன். அவள் சொன்னது அவளோடு களை வெட்டப் போகிற, பக்கத்து வீட்டு அம்மாவின் பேர்.

“என்ன உறவும்மா?”

“காச்சல்ல கெடந்தா கஞ்சி வெச்சுக் குடுக்கறவ.”

எழுத்தர் ‘தோழி’ என்று எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. வருசத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போகிற தம்பிக்கு அந்த இடத்தில் என்ன வேலை என்று பஸ்ஸில் வரும்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

என் பாலிசியை மனைவிக்கும் மகளுக்கும் சரிபாதியாக, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எழுதினேன். 1874இல் வந்த சட்டம், 1923 முதல் இந்துக்களுக்கும் பொருந்தும். அந்தப் பணம் அவர்களுக்காக ஒரு அறக்கட்டளை மாதிரி நிற்கும். என் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது, நானே மனசு மாறினாலும் மாற்ற முடியாது. கருமாதிக்கு மறுநாள் யாரும் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் என் மகளின் பணத்தில் கை வைக்க முடியாது. அக்காவுக்கென்று இன்னொரு பாலிசி எடுத்திருந்தால் எவ்வளவு பிரீமியம் வருமோ, அதை மாதா மாதம் அவள் பேரில் அஞ்சலகச் சேமிப்பில் போடுகிறேன். எடுக்கிற கையெழுத்து அவளுடையது.

முதல் மாதப் பணத்தை எடுத்து ஓடு மாற்றினாள். எனக்குப் போன் பண்ணிச் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது நானே அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.